கரைமேல் புற்று

என் புருஷனும் என் தம்பியும் முதன்முதலாக அடித்துக்கொண்டது சாப்பாட்டு இலைக்கு முன்னால்தான். சித்திரைப் பொங்கலுக்கு விருந்துக்கு வந்திருந்தான் தம்பி. இரண்டு பேருக்கும் நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது சோறு போடும்போது தம்பி சொன்னான்:

“அத்தான், இந்தக் கோடையிலயே கரையில இருக்க அந்தக் கரையான் புத்தத் தோண்டி எடுத்துரணும்.”

அவர் காலை நீட்டி எதிரே இருந்த இலையை உதைத்தார். சோறும் குழம்பும் தம்பியின் நெஞ்சில் விழுந்தன. அவன் எழுந்து அந்த எச்சில் கையாலேயே அவர் முகத்தில் ஓங்கி ஒன்று வைத்தான். அவருடைய முன்பல் ஒன்று உடைந்து என் காலடியில் விழுந்தது. நான் நடுவில் புகுந்து குழம்புக் கரண்டியால் இரண்டு பேரையும் சாத்தினேன். யார்மேல் எத்தனை விழுந்தது என்று பார்க்கவில்லை. கரண்டிக் காம்பு வளைந்துபோனது மட்டும் தெரியும்.

பொல்லாத கோபக்காரக் குடும்பம் எங்களுடையது. அத்தை மகன், மாமன் மகள் என்று உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்டதால் கோபமும் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மம்சாபுரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில், என் புருஷனின் தாத்தா தன் சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு காட்டோடையை மறித்து மண்ணால் கரை போட்டிருந்தார். சின்னக் கண்மாய்தான். கரைமேல் நின்றால் கிழக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியும். சர்க்கார் கண்மாய் என்றால் ஓவர்சீயர் வருவார், கரையை நடந்து பார்ப்பார், ஊர் கூடி மண் போடும். எங்கள் கரைக்கு எங்கள் வீட்டு ஆண்கள்தான் ஓவர்சீயர், தாசில்தார், கவர்னர் எல்லாம். அவர்கள் நல்லாயிருக்கிறது என்றால் கரை நல்லாயிருக்கிறது என்று அர்த்தம்.

கரைக்குக் கீழே கொஞ்சம் வீடுகள் இருந்தன. அதில் ஒன்று என் தம்பியுடையது. யுத்தத்துக்குப் போய், உயிரோடு திரும்பி வந்து, அங்கே புஞ்சை நிலம் வாங்கிக் கிணறு வெட்டி, ஒரு பெண்ணைக் கட்டிக் குடித்தனம் வைத்திருந்தான். எங்கள் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

இனிப் புற்று. கல்யாணமாகி எனக்கு வெகுநாள் பிள்ளை நிற்கவில்லை. உண்டானது இரண்டும் வயிற்றிலேயே போய்விட்டன. அப்போது கரையின் நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று எழும்பியிருந்தது. என் மாமியார் ஒரு வெள்ளிக்கிழமை தலை முழுகி, ஈரச்சேலையோடு போய் அதில் பாலும் முட்டையும் ஊற்றி, மஞ்சள் துணி கட்டி, என்னையும் விழுந்து கும்பிட வைத்தார். அடுத்த வருஷம் என் மகன் பிறந்தான். அதோடு கேட்கவா வேண்டும்! வத்திராயிருப்பிலிருந்தும் சேத்தூரிலிருந்தும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். புற்று என் உயரத்துக்கு வளர்ந்தது. என் புருஷன் அதற்கு ஓலைக்கூரை போட்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கரையில் போய் நிற்பார். சாமிக்குப் போட்ட கும்பிட்டில் பாதி தனக்கென்று நினைத்துக்கொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

கரையான் கீழே குடைந்த மண்ணைத்தான் மேலே கட்டுகிறது. மேலே ஆளுயரம் நிற்கிறது என்றால் கீழே கரைக்குள் அந்த அளவுக்குப் பொள்ளல் இருக்கிறது. கண்மாய்த் தண்ணீரில் பிழைக்கிற யாருக்கும் இது தெரியாமல் இருக்காது. என் புருஷனுக்கு நன்றாகத் தெரியும். வேறு புற்றாக இருந்தால் விரல் உயரத்திலேயே கடப்பாரை போட்டுத் தோண்டி, களிமண்ணை அடைத்து இடித்திருப்பார். இது மகனைக் கொடுத்த புற்று. “இது இருக்க வரைக்கும் எம் பேரன் இருப்பான்” என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் பயம்தான். பகலில் ஏளனம் பேசுவேன். பிள்ளைக்கு உடம்பு சுட்டால் முதல் ஆளாகப் பால்செம்போடு ஓடுவேன்.

முந்தின வருஷத்து மழையில் புற்றுக்கு நேர் கீழே, கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் யாரும் கவலைப்படுவதில்லை, எல்லாக் கரையும் கொஞ்சம் வியர்க்கும். இது கலங்கி வந்தது. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். அந்தக் கலங்கல் தம்பி வீட்டு வாசல் வழியாகத்தான் ஓடியது. அதனால்தான் அவன் இலைக்கு முன்னால் அந்தப் பேச்சை எடுத்தான்.

அவன் சாமியைத் திட்டவும் இல்லை. நான் விலக்கிவிட்ட பிறகும் முறையாக ஒரு வழிதான் சொன்னான். வெளியூருக்குக் குடிபோகிறவர்கள் தங்கள் சாமி இருக்கும் இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். சாமியும் கூடவே வந்துவிடும். பிடிமண் என்று சொல்வோம். “வேப்பமரத்தடியில பிடிமண்ணு வச்சுருவோம், அத்தான். ஆத்தா அங்க வந்துருவா. பொறவு கரைய வெட்டி இடிச்சுக் கட்டிருவோம். நானே ஆள் கூட்டியாரேன்” என்றான். என் மாமியாருக்கேகூட அதில் பாதி சம்மதம்.

என் புருஷன் வாயில் ரத்தத்தோடு சொன்னார்: “எம் மகன் உசுருல கை வைக்கச் சொல்லுதியோ? தண்ணி வருதுன்னா நீ வீட்ட மாத்திக்கோ. ஏட்டி, இனிமே இவன் வாசல்ல ஒன் காலு பட்டுச்சு, அந்தக் காலு இருக்காது.”

அதோடு கோடை பூராவும் சண்டையில் போனது. தம்பி ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா கச்சேரிக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தான். பட்டா நிலத்துக் கரை, சர்க்காருக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் போன செய்தி தெரிந்து இவர் ஆள் அனுப்பி அவன் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலை வடத்தை அறுத்தார். அவன் வந்து எங்கள் தோட்டத்தில் குலை தள்ளின வாழைகளை வரிசையாக வெட்டிச் சாய்த்தான். இவர் ஆட்கள் போய் அவன் மாட்டின் வாலை அறுத்தார்கள். அவன் அதில் ஒருவனைப் பிடித்துத் தாடையைப் பெயர்த்தான். வாயில்லாத மாடு என்ன பாவம் செய்தது என்று நான் கேட்டதற்கு எனக்கு அடி விழுந்தது. நான் உலக்கையைத் தூக்கினேன். மாமியார் வந்து விலக்கினார். இத்தனை பராக்கிரமத்துக்கு நடுவில் கரைக்கு ஒரு கூடை மண் போட ஒருத்தனுக்கும் நேரமில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மலை கண்ணுக்கே தெரியாமல் மூடிக்கொண்டு பெய்தது. கண்மாய் நிறைந்து, மிஞ்சின தண்ணீர் தென்கோடியில் மறுகாலாகப் பாய ஆரம்பித்தது. அந்த இரைச்சலில் வீட்டுக்குள் பேசுவது கேட்காது. வெள்ளிக்கிழமை வந்தது. அந்த மழையிலும் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் பால்செம்போடு வந்துவிட்டார்கள். நானும் போயிருந்தேன். முதலில் பால் ஊற்றிய பெண் ஒரு எட்டு முன்னால் வைத்தாள். அவள் கால் முழங்கால் வரைக்கும் கரைக்குள் போய்விட்டது.

இழுத்து வெளியே எடுத்தோம். “ஆத்தா எங்காலப் பிடிச்சுட்டா, ஆத்தா எங்காலப் பிடிச்சுட்டா” என்று அவள் ஆட ஆரம்பித்தாள். மற்றவர்கள் குலவை போட்டார்கள். நான் கரையின் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். சரிவின் அடியில் என் தொடைப் பருமனுக்குச் செம்மண் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

அதற்குள் கீழேயிருந்து தம்பி ஆட்களோடு வடகோடிக்கு ஏறி வந்துவிட்டான். எல்லோர் கையிலும் மண்வெட்டி. அங்கே கரைக்கு அடியில் பாறை. வெட்டிவிட்டால் பாறை மட்டத்துக்குத் தண்ணீர் வடியும், அதற்குமேல் அரிக்காது. போகிற தண்ணீர் எங்கள் வாழைத் தோட்டத்தையும் மாட்டுத் தொழுவத்தையும் அடித்துக்கொண்டு ஓடையில் சேரும். கீழ்வீடுகள் தப்பும்.

என் புருஷனும் ஆட்களோடு எதிரே வந்தார். கையில் வெட்டரிவாள்.

“மம்பட்டியக் கீழ போடுலே.”

“அத்தான், வந்து எட்டிப் பாருங்க. எம்புட்டுத் தண்ணி போகுதுன்னு பாத்துட்டுப் பேசுங்க. வீட்ல எம் பொஞ்சாதி பிள்ளை பெத்துக் காய்ச்சலாக் கெடக்கா.”

“இந்தக் கரையில ஆத்தா உக்காந்திருக்கா. ஒடையாது. எம் மகன் உசுரு இதுக்குள்ள இருக்கு. வெட்டுன கை வீடு போய்ச் சேராது.”

தம்பி குனிந்து முதல் வெட்டு வெட்டினான். அரிவாள் இறங்கியது. மண்வெட்டிக் காம்பைப் பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல்கள் துண்டாகிச் சேற்றில் விழுந்தன. அவன் மற்றக் கையால் அந்தக் காம்பைச் சுழற்றி அவர் காதோடு அடித்தான். பிறகு எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். ஒருவன் மண்டை பிளந்து மறுகால் பக்கமாக ஓடினான். ஒருவனைத் தண்ணீருக்குள் முக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வாய்நிறையச் சேற்றோடு அழுதான். மழையில் ரத்தம் நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. நான் முந்தானையைக் கிழித்துத் தம்பியின் கையைக் கட்டினேன். கீழே பார்த்தால் பெண்களும் கிழங்களும் ஆட்டையும் பானையையும் இழுத்துக்கொண்டு சேற்றில் வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். தம்பி பெண்டாட்டி படுத்திருந்த கட்டிலைத் தூக்க ஒரு ஆண்பிள்ளை இல்லை. ஆண்பிள்ளைகள் எல்லாம் மேலே வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகை வரவில்லை. நேரே வீட்டுக்குப் போனேன். என் மகன் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தான். தூக்கி இடுப்பில் வைத்தேன். “மழையில எங்கட்டி தூக்கிட்டுப் போற?” என்று மாமியார் கேட்டது காதில் விழுந்தது. கரைமேல் வந்து, அவர்கள் கண்ணெதிரே, வெளிச்சரிவில் இறங்கினேன். பீய்ச்சுகிற தண்ணீரைத் தாண்டித் தம்பி வீட்டு வாசலில் போய் நின்று அண்ணாந்து கத்தினேன்:

“ஆத்தா காப்பாத்துவான்னு சொன்னீகள்ல? ஒங்க மகன் இங்கதான் இருப்பான். கரை நின்னா இவனும் நிப்பான். ஒடஞ்சா இவனும் போவான். நல்லாக் காவல் நில்லுங்க.”

உள்ளே போய்க் கதவைத் தாழிட்டேன். தம்பி பெண்டாட்டி கட்டிலில் பச்சைப்பிள்ளையை அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். மகன் திமிறினான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என் புறங்கையைக் கடித்தான். பல் பதிந்து ரத்தம் வந்தது. நான் விடவில்லை.

அவர் ஓடி வந்தது கேட்டது. முதலில் காலால் உதைத்தார்.

“ஏட்டி, கதவத் தொற. பிள்ளையக் குடு. ஒன்னைய வெட்டாம விடமாட்டேன்.”

“வெட்டுங்க. மொதல்ல கரைய வெட்டுங்க.”

“எம் பிள்ளைய ஏட்டி கொல்லப் பாக்க?”

“ஆத்தா இருக்கால்ல? பொறவு எதுக்கு ஓடியாந்தீக?”

அரிவாளைப் பலகையில் போட்டார். பழைய கதவு. மூன்றாவது வெட்டில் அரிவாள் நுனி உள்ளே வந்து என் காதுக்குப் பக்கத்தில் நின்றது. மகன் அதைப் பார்த்து, “அப்பா, வெட்டாதிய அப்பா” என்று வீறிட்டான். அரிவாள் அப்படியே நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. நான் மெதுவாகச் சொன்னேன்: “கதவ ஒடைக்கிற நேரத்துல கரை போயிரும். ஒங்க இஷ்டம்.”

அரிவாளை உருவிக்கொண்டு ஓடினார். அதன் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை, கேட்டதுதான். அந்தச் செத்த நேரம் ஒரு யுகமாக இருந்தது. எனக்குப் புற்றில் நம்பிக்கை இருந்ததா என்று பிற்பாடு பல பேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு என் புருஷனுடைய பயத்தில் நம்பிக்கை இருந்தது. அவர் எதை நம்புவதாகச் சொன்னாரோ அதை அவரே நம்பவில்லை என்று எனக்கு அன்று தம்பி கூப்பிட்டும் அவர் வெளிச்சரிவை எட்டிப் பார்க்காதபோதே தெரிந்துவிட்டது.

வடக்கே இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். வாழைகள் சடசடவென்று முறிந்தன. மாடுகள் கத்தின. அவரே தம்பியின் மண்வெட்டியை எடுத்து வெட்டினாராம். யாரையும் கிட்ட விடவில்லையாம். தொழுவத்தில் கட்டியிருந்த இரண்டு பசு போய்விட்டன. தோட்டம் முழுக்கப் போய்விட்டது. அந்தி சாய்வதற்குள் பீய்ச்சல் கை அளவுக்குக் குறைந்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் புற்று, கூரையோடு, உள்பக்கமாகச் சரிந்து விழுந்து அந்த இடத்தில் கரை பிளந்தது. பாதித் தண்ணீர் வடிந்துபோயிருந்ததால் கீழ்வீடுகளில் முழங்கால் அளவுக்குத்தான் வந்தது. தம்பி வீட்டு அடுப்படிச் சுவர் கரைந்தது. ஆள் சேதம் இல்லை.

கதவைத் திறந்து மகனை அவர் கையில் கொடுத்தேன். அவனைக் கொண்டுபோய் மாமியாரிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, அதே மண்வெட்டிக் காம்பால் என்னை அடித்தார். இடது கை முறிந்தது. இராஜபாளையத்து வைத்தியர் ஒருவர் பத்துப்போட்டு மூங்கில் கட்டினார். கோணலாகத்தான் கூடியது. தம்பிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வாழை வெட்டும்போது கை தவறிவிட்டது என்று போலீஸ்காரரிடம் சொல்லியிருக்கிறான். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தான். எந்த வாழை என்று கேட்கவில்லை.

அடுத்த கோடையில் கரையை முழுக்க வெட்டிப் பார்த்தார்கள். பிளவுக்கு இரண்டு பக்கமும் கரைக்குள் குகை மாதிரிப் போயிருந்தது. என் புருஷன் உள்ளே இறங்கி நின்றார். தலைப்பாகை வெளியே தெரியவில்லை. ஏறி வந்து, தம்பி முகத்தைப் பார்க்காமல், “மாப்ளே, நீயும் எறங்கிப் பாரு” என்றார். அந்த மழைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. மாமியார் ஈரச்சேலையோடு வந்து பிடிமண் எடுத்துப் போய் வேப்பமரத்தடியில் வைத்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து நின்று கரை கட்டினார்கள். மூன்று விரல் கையால் தம்பி மண்ணிடிக்கிற கட்டையைத் தூக்கித் தூக்கிப் போடுவான். இவர் தண்ணீர் தெளித்து மிதிப்பார்.

வேலை முடிந்த அன்று எங்கள் வீட்டில் கறிச்சோறு. பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன், கோணல் கையால். தம்பி நிமிர்ந்து பார்த்து, “இருந்தாலும் அக்கா, பெத்த பிள்ளையக் கொண்டாந்து வெள்ளத்துக்கு முன்னால வச்சது தப்புத்தான்” என்றான்.

“அதச் சொல்லு, மாப்ளே” என்றார் இவர்.

அத்தனை அடித்துக்கொண்டவர்கள் ஒத்துப்போனது இந்த ஒரு விஷயத்தில்தான். என் கையில் கரண்டி இருந்தது, அதே வளைந்த காம்பு. அவர்கள் மண்டையில் போடத்தான் வந்தது. குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனேன்.

அடுத்த இலை என் மகனுடையது. அப்பாவின் தொடையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். அந்த மழைக்குப் பிறகு அவன் என் பக்கத்தில் படுப்பதில்லை, அப்பாவிடம்தான். நான் கூப்பிட்டால் வருவான். கேட்டதை எடுத்துக் கொடுப்பான். சாப்பிட்டு முடித்தவனைக் கை கழுவிவிடலாம் என்று குனிந்து தூக்கப் போனேன். உடம்பை விறைத்துக்கொண்டு, கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்தான்.